ஆணியில் தொங்கிய சிரட்டை

ஞானபூரணம் டீச்சர் சங்கரன்கோவிலில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தாள். அத்தனை ஆண்டுகளில் அவளை ஒரு விசேஷ வீட்டுக்கு அழைத்தது ஒரே ஒரு முறைதான். அதையும் அவளே கெடுத்துக்கொண்டாள் என்று ஊர் சொல்லும்.

கல்யாணமான மூன்றாம் வருடம் அவள் புருஷன் பம்பாய்க்குப் போய், அங்கே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். ஓடிப்போனவன் அவன், வாழாவெட்டி என்ற பட்டம் இவளுக்கு. வளைகாப்பு, பால்காய்ச்சு என்று தெரு திரண்டு போகும்போதெல்லாம் இவள் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளே இருப்பாள். குற்றம் செய்தவன் சுகமாக இருக்க, அதற்கு ஆளானவளைத் தள்ளிவைக்கும் இந்தச் சட்டத்தை எந்தச் சட்டசபையும் இயற்றவில்லை. அது நம் அடுப்படிகளில் இயற்றப்பட்டது.

வாடகை வீட்டில் அவளிடம் இரண்டு டம்ளர்கள் இருந்தன. இரண்டாவது தேவைப்பட்டதே இல்லை.

ரயில் பாதைக்கு அப்பால் இருந்தது பள்ளி. ஓராசிரியர் பள்ளி, முப்பத்தொரு பிள்ளைகள். திங்கட்கிழமை தோறும் நகம் பார்ப்பாள். சாப்பிடும்போது வயிறு நிறையும் முன் தாமாகவே ‘போதும்’ என்று சொல்லப் பழக்கியிருந்தாள். ஆடித்தபசுத் திருவிழா முடிந்து பிள்ளைகள் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தால், இன்றைக்கு இரண்டு, மிச்சம் நாளைக்கு என்று மடித்து வைக்கச் சொல்வாள். பிரம்பு கிடையாது. பிள்ளைகள் கேட்டார்கள்.

எழுபத்தெட்டாம் வருட மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தது. பள்ளியில் ஒரு பானை, ஒரு டம்ளர், முப்பத்தொரு வாய். ஒன்றாம் வகுப்புச் சிவனாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அம்மனுக்குக் கோபம் என்று ஊர் கூழ் ஊற்றியது. ஞானபூரணம் பானையைப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினாள். அவரவர் டம்ளரை அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும், ஒருவர் டம்ளரை இன்னொருவர் தொடக் கூடாது என்றாள். நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை அடித்து, முப்பது ஆணிகள் அறைந்து, பெயரின் எழுத்து வரிசைப்படி டம்ளர்களை மாட்டச் செய்தாள்.

மேலத்தெருத் தாய்மார்கள் பூரித்துப்போனார்கள். நான்காம் வகுப்பு மருதப்பனின் தாய் ஆவுடையம்மாள், வீட்டுக்காரர் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் கொடுத்தனுப்பினாள். முறுக்குத் தூக்கோடு டீச்சர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக ஒரு வாத்தியாருக்கும் இந்தப் புத்தி வரவில்லையே என்று வியந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஞானபூரணம் கடைக்குப் போய் இன்னும் நான்கு டம்ளர்கள் வாங்கினாள்.

பொங்கல் முடிந்ததும் ஆவுடையம்மாள் வெற்றிலை பாக்கோடு வந்தாள். மூத்தவளுக்கு வெள்ளிக்கிழமை சடங்கு. டீச்சர் கட்டாயம் வர வேண்டும். ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்ததை ஒலிபெருக்கி கட்டி ஊருக்கு அறிவிக்கும் கூத்தில் ஞானபூரணத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஆனாலும் அன்று சாயங்காலம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்து, கொடியில் காற்றாட விட்டாள். யாரும் கூப்பிடாத வீட்டில் எட்டு வருஷம் இருந்து பார்த்தவர்கள் அவளைக் குறை சொல்லட்டும்.

புதன்கிழமை பள்ளிக்குத் தங்கத்தாய் வந்தாள். காலனியிலிருந்து களையெடுக்கப் போகிறவள். அவள் மகள் ஆறுமுகத்தாய் இரண்டாம் வகுப்பு. ஐந்து பேருக்கு ஒரே ஒரு அலுமினிய டம்ளர் இருந்த வீடு அது. டம்ளருக்குப் பதிலாகச் சிரட்டை ஒன்றைக் கண்ணாடிச் சில்லால் வழுவழுவென்று சுரண்டி, துளையிட்டு, கயிறு கோத்துக் கொண்டு வந்திருந்தாள் ஆறுமுகத்தாய். அதன் சுத்தத்தைப் பார்த்து டீச்சர் வகுப்பையே கைதட்டச் சொல்லியிருந்தாள்.

தங்கத்தாய் வாசல்படி ஏறவில்லை.

“பிள்ளை பேரை அடிச்சிருங்க டீச்சர்.”

ஏன் என்று கேட்டாள் ஞானபூரணம்.

“டீக்கடைலதான் எங்களுக்குச் சிரட்டைன்னு இருந்தோம். பள்ளிக்கூடத்துலயும் சிரட்டைதான்னா, இங்கன வந்து அவ என்னத்தப் படிக்கப் போறா?”

ஞானபூரணம் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். இரண்டு மாதமாக அது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எழுத்து வரிசை எப்போதோ கலைந்திருந்தது. மேல் வரிசைகளில் எவர்சில்வர் மின்னியது. கடைசியில், விளக்குமாற்றுக்குப் பக்கத்தில், காலனிப் பிள்ளைகளின் ஐந்து அலுமினிய டம்ளர்களும் ஒரு சிரட்டையும்.

யார் மாற்றியது என்று கேட்டாள். மருதப்பன் பெருமையோடு எழுந்தான்.

“நாந்தான் டீச்சர். அது இதோட முட்டப்படாதுல்லா? ஒட்டுவாரொட்டின்னு நீங்கதான சொன்னிய.”

அவன் பொய் சொல்லவில்லை. அவள் கிருமி தொற்றும் என்று சொன்னதை, வீட்டில் ஏற்கெனவே இருந்த அகராதியில் பொருள் பார்த்துக்கொண்டான். தாய்மார்கள் முறுக்கோடு வந்தது எதற்கு என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் செய்துவந்ததை அவள் சுகாதாரம் என்று பெயர் வைத்து, ஆணியும் அடித்துக் கொடுத்திருக்கிறாள். தங்கத்தாயிடம் ஒரே ஒரு நாள் தவணை கேட்டாள். அவள் மகளைக் கூட்டிப்போகாமல் வயலுக்கு நடந்தாள்.

இரவெல்லாம் யோசித்தாள். குவித்த கையில் தூக்கி ஊற்றலாமா? காலனி ஆட்களுக்குக் கிணற்றடியில் அப்படித்தானே ஊற்றுகிறார்கள். கொடியில் பட்டுச்சேலை தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கழியட்டும், சனிக்கிழமை மாற்றலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. இரண்டு நாளில் என்ன குடிமுழுகிவிடும்? ஆறுமுகத்தாய்க்கு இரண்டு நாள் அதிகம் என்று அவளுக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தாள். அவரவர் டம்ளரை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னாள். தன் வீட்டு டம்ளர்களில் ஐந்தைக் கூடையில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். எந்த டம்ளரும் யாருடையதும் இல்லை. குடித்தவர் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, அடுத்தவருக்காகக் கவிழ்த்து வைக்க வேண்டும். முதலில் அவள் குடித்தாள். அவள் கழுவி வைத்ததில் ஆறுமுகத்தாய் குடித்தாள். ஆறுமுகத்தாய் கழுவி வைத்ததில் மருதப்பன் குடித்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் ஆவுடையம்மாள் வந்தாள். உட்காரவில்லை. வீட்டில் மிஞ்சியிருந்த டம்ளரில் ஞானபூரணம் தண்ணீர் நீட்டினாள். இப்போதுதான் குடித்தேன் என்றாள் அவள்.

“நாளைக்கு உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். வெயில்ல அலைய வேண்டாம் டீச்சர்.”

“சரி” என்றாள் ஞானபூரணம்.

வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கிச் சத்தம் பள்ளி வரைக்கும் கேட்டது. பதினாலு பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஆறுமுகத்தாய் மதியத்துக்குள் நான்கு முறை தண்ணீர் குடித்தாள். தாகத்துக்காக அல்ல என்று தெரிந்தும் டீச்சர் ‘போதும்’ என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் மேலத்தெருப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பள்ளியில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற கட்டளையோடு. மாசி வெயில் ஏறியபின் பிள்ளைகள் எவ்வளவு நேரம் சாதியைக் காப்பாற்றும்? குடித்தார்கள், தேய்த்தார்கள், கவிழ்த்தார்கள். வீட்டில் சொல்லவில்லை. தாய்மார்கள் யாரும் டீச்சர் வீட்டுப் பக்கம் வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் முந்தானையைச் சரிசெய்துகொண்டே கடந்து போனார்கள்.

ஜூன் மாதம் பதினொரு பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். கடைசியாக வந்தது ஆவுடையம்மாளும் மருதப்பனும். ஞானபூரணம் நடத்தை என்ற இடத்தில் பேனாவை வைத்தாள். அதற்குள், வெயிலில் நடந்து வந்த பையன் பழக்கதோஷத்தில் கூடையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, பானையில் மொண்டு குடித்துவிட்டான். தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதே அவனுக்கு நினைவில்லை. மூலையில் குந்தி, சாம்பல் போட்டு விளிம்பைச் சுற்றித் தேய்த்து, அலசி, கவிழ்த்து வைத்தான்.

ஆவுடையம்மாள் அவன் ஈரக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஞானபூரணம் ‘நன்று’ என்று எழுதியிருந்தாள். தாளை வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்களே என்று வாசல் வரை ஓடினாள். தண்டவாளத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிடலாம்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்களா என்ற சந்தேகத்தில் நின்றுவிட்டாள். மறுநாள் ஆள் வந்து வாங்கிப் போனான்.

வீட்டுக்குப் போனதும் கை கால் கழுவி, அந்த ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். அடுத்து எடுக்க அவளைத் தவிர யாரும் இல்லை.