வலது பாதி மட்டும்

1. பெட்டி

தூத்துக்குடியில் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தபோது தாள்கள் எல்லாம் பாதி அகலத்தில் இருந்தன. கரையான் வேலையில்லை, எலி வேலையில்லை. கத்தரிக்கோலால் நேராக நறுக்கியிருந்தார்கள்.

பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், ஓர் ஆவணக் காப்பகத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பழைய காகிதங்களை வகை பிரிப்பது என் வேலை. இந்தப் பெட்டிக்கு உரியவர் முதலில் வானொலிக்கும், பிறகு தொலைக்காட்சி வந்த புதிதில் அதற்கும் நாடகம் எழுதித் தயாரித்தவர். இறந்து பல வருடம் ஆகிறது. மகள் செல்வராணிதான் எங்களுக்கு எழுதியிருந்தார்.

அந்தக் கால டிவி ஸ்கிரிப்டில் தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள். இடப்பக்கம், கேமரா காட்ட வேண்டிய படம். வலப்பக்கம், பேச்சு. பெட்டியில் வலப்பக்கம் மட்டும் இருந்தது. ஒளிபரப்பானதும் டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்துவது அன்றைய வழக்கம். தாள் போனால் நாடகமே போயிற்று.

செல்வராணி அண்ணனுக்குப் போன் செய்தார்.

2. வெள்ளைத்தாள்

அண்ணன் தங்கராஜ் கருப்பட்டி வியாபாரி. வந்தவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"நாந்தான் சார் நறுக்குனேன். ஒரு பக்கத்துக்கு ரெண்டு வரிதான் இருந்துச்சு. மீதி பூரா வெள்ளை. நல்ல தாள வீணாக்கச் சொல்லுதீங்களா? மூட்டைக்குச் சீட்டு எழுதுனேன்."

"அப்பா எழுதுனதுண்ணே அது!"

"ஏளா, பேச்சுல ஒரு எழுத்து குறையுதா? பூரா பத்திரமா வச்சிருக்கேம்லா?"

"சீட்டு ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன்.

"மூட்டையோட போயிருக்கும் சார்."

கோபப்பட எனக்குத் தெம்பில்லை. வியாபாரி கண்ணுக்கு வெற்றிடம் என்றால் எழுத இடம்.

3. கயிறு

மற்ற நாடகங்களைப் பேச்சை வைத்தே புரிந்துகொள்ள முடிந்தது. ஒன்று மட்டும் சிக்கல். முத்துக்குளிப்பு நாடகம். மூழ்குபவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவன் மச்சான். உடன்பிறந்தவளின் தாலிக்காகவாவது இழுத்துவிடுவான் என்று இந்தக் கரையில் ஒரு கணக்கு. கதையில் இருவருக்கும் பகை. கடைசித் தாளில் மூழ்கப்போகிறவன் சொல்லும் "மச்சான்" என்ற ஒரு சொல்தான் இருந்தது. அதற்குக் கீழே எல்லாம் படமாகவே நடந்திருக்க வேண்டும். மச்சான் இழுத்தானா, விட்டானா?

முடிவில்லாத பிரதி எங்கள் காப்பகத்தில் 'நாடகங்கள்' வரிசையில் சேராது. உதிரித் தாள்களோடு போகும். அதைச் சொன்னதும் செல்வராணி எழுந்தே விட்டார்.

"உதிரியா? தம் பேரச் சொல்ல இது ஒண்ணு போதும்னு அப்பா சொல்லுவாக. அப்ப நாங்க மெட்ராஸ்ல இருந்தோம். டிவியில பாத்தேன் சார். கயித்த இழுக்கான், தல வெளிய வருது. நீங்களே எழுதிச் சேத்திருங்க."

தங்கராஜ் சிரித்தார். "ஏளா, தல எங்க வந்துச்சு? வெறுங்கயிறுதான் வந்துச்சு. நானும் ஒம் பக்கத்துலதான் இருந்தேன்."

"நீ தூங்கிட்டுல்லா கெடந்த!"

"நீ அழுதுக்கிட்டுக் கெடந்த. அழுத கண்ணுக்குத் தல தெரிஞ்சுதாக்கும்!"

4. உறை

நான் எதையும் எழுதிச் சேர்க்கவில்லை. அவரவர் பார்த்ததைத் தனித்தனித் தாளில் எழுதிக் கையெழுத்திடச் சொன்னேன். காப்பகத்தோடு போனில் வெகுநேரம் மல்லாடி, 'படப்பகுதி இல்லை. பார்த்த இருவரின் கூற்று இணைப்பில்' என்ற குறிப்புடன் நாடக வரிசையிலேயே வைக்கச் சம்மதம் வாங்கினேன்.

செல்வராணி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இதையும் வைங்க சார். ஆனா என்னோடது மேல இருக்கணும்."

அகர வரிசைப்படி அவர் பெயர்தான் முதலில் வந்தது. ஒரு தகராறு குறைந்தது.

சாட்சிகள் முரண்பட்டால் இரண்டு பேர் சொன்னதையும் போடு, மூன்றாவதாக நீ ஒன்றை எழுதாதே என்பது செய்தி அறையில் கற்றது. காகிதங்களுக்கும் அதுவே பொருந்தும். எங்கள் உறை முழுத்தாள் அகலம் கொண்டது. கடைசித் தாளை வலது ஓரமாக வைத்து, கூற்றுகள் இரண்டையும் அதன் பின்னால் செருகினேன். இடது பாதியில் எதையும் வைக்கவில்லை.