ஆறாவது பல்

1. ட்ரேயில் விழுந்தது

நான் பல் மருத்துவர். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் செய்த நல்ல சிகிச்சைகளைப் பற்றி எழுதலாம். அதற்கு முன், பிடுங்கக்கூடாத ஒரு பல்லைப் பிடுங்கியதை எழுதியாக வேண்டும்.

அறுபதுகளின் இறுதியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தர்ம வைத்தியசாலையில் வேலை பார்த்தேன். வாரம் ஒருமுறை கிராமப் பள்ளிகளில் கேம்ப். மர நாற்காலி, கருவிகளைக் கொதிக்கவைக்கும் ஸ்டெரிலைஸர், தையல் மெஷின் போல மிதித்து ஓட்டும் ட்ரில், உதவிக்கு முனுசாமி. ட்ரில்லை நான் அதிகம் தொடமாட்டேன். ஒரு பல்லை அடைக்கிற நேரத்தில் இருபது பல்லைப் பிடுங்கிவிடலாம். "சார் கை வெச்சா புள்ளைக்கே தெரியாது" என்று முனுசாமி ஊரெல்லாம் சொல்லுவான். எனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது.

மண்ணூரைத் தாண்டி ஒரு பள்ளியில், கோமதி என்ற ஏழு வயதுப் பெண்ணை அவள் அம்மா அஞ்சலை அழைத்து வந்தார். அந்தப் பள்ளியில் மதிய உணவு சமைப்பவர். கோமதிக்கு வலது கீழ்ப் பக்கம், கடைசிப் பல்லில் குழி. வெளியே இன்னும் நாற்பது பிள்ளைகள் நின்றார்கள்.

"பால் பல்லும்மா. எடுத்துடறேன். புதுசா மொளைச்சிடும்" என்றேன்.

பல் கையோடு வந்தது. பால் பல்லின் வேர்கள் மெல்லியவை, கவட்டை போல விரிந்திருக்கும். ஃபோர்செப்ஸ் இடுக்கியில் இருந்ததோ தடித்த வேர், நுனி இன்னும் மூடாத வேர். ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் தானாக முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் அது. நடுவிலிருந்து ஐந்து பற்களுக்குப் பின்னால், ஆறாவதாக நின்றது. எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் எண்ணவில்லை. குழியும் ஆழமில்லை, அடைத்திருக்கலாம்.

பல்லைக் கிட்னி ட்ரேயில் போட்டு, மேலே பஞ்சை வைத்தேன். முனுசாமி பார்த்துவிட்டான். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டான். அன்று மாலை ட்ரேயைக் கொட்டியபோதுதான் இன்னொன்று உறைத்தது. இதுவரை எத்தனை ட்ரேக்களைப் பார்க்காமலே கொட்டியிருக்கிறேன்?

2. "லேட்டாகும்"

அடுத்த வருடம் அஞ்சலையம்மாள் வைத்தியசாலைக்கே வந்தார்.

"இன்னா டாக்டரே, வருசம் ஒண்ணாச்சு. இன்னும் மொளைக்கலியே?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். "சிலருக்கு லேட்டாகும்மா" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பிடுங்கியது அவசரத்தில் நேர்ந்த தவறு. இது நிதானமாக யோசித்துச் சொன்ன பொய்.

3. சாப்பாட்டு வரிசை

மறுபடியும் ஒரு வருடம் கழித்து, அதே பள்ளியில் கேம்ப். கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு அஞ்சலையம்மாள் வரிசையின் முதலில் நின்றார்.

"டாக்டரே, ரெண்டு வருசமா சோறு போடறப்ப ஒவ்வொரு புள்ளையா வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்துக்கினு வரேன். நடுவுலேர்ந்து எண்ணுனா அஞ்சு பல்லு விழுந்து மொளைக்குது. ஆறாவது விழறதில்ல. அதுவா வருது, அதுவா நிக்குது. எங்க பொண்ணுக்கு நீங்க புடுங்கனது ஆறாவதுதானே?"

முனுசாமி குனிந்து ஸ்டெரிலைஸர் மூடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

கல்லூரியில் நான் படம் வரைந்து மார்க் வாங்கிய பாடம் அது. அவர் கரண்டியும் கையுமாக நின்று, நூறு வாய்களைப் பார்த்துத் தானே கண்டுபிடித்திருந்தார். அதற்கு மேல் பொய் வரவில்லை.

"ஆமாம்மா. தப்பு என்னுதுதான். போன வருஷம் சொன்னதும் பொய்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கோமதியின் இடது கன்னத்தை விரலால் ஒதுக்கிக் காட்டினார்.

"அத்த அப்புறம் பேசிக்கலாம். இந்தப் பக்கத்து ஆறாவதுல கருப்பா கீது. இதுவும் போச்சுன்னா புள்ள எதுல மெல்லும்? இது அடைக்கிற பல்லா, புடுங்கற பல்லா? பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அடைக்கிற பல்தான். ஆனால் சொத்தை ஆழம். கை தவறி நரம்பைத் தொட்டால் அதையும் இழக்க வேண்டியதுதான்.

முனுசாமி மிதிக்க, நான் ட்ரில்லைப் பிடித்தேன். மிதி வேகம் குறைந்தால் முனை பல்லில் குதிக்கும். "சீரா மிதிப்பா, மாட்டு வண்டியா ஓட்டற?" என்று அஞ்சலையம்மாள் அதட்டினார். "நீ வேற யக்கா, காலு கழண்டுக்கும் போல" என்று அவன் முனகினான். ஆழத்துக்குப் போனதும் ட்ரில்லை வைத்துவிட்டு, சின்னக் கரண்டி போன்ற எக்ஸ்கவேட்டரால் சொத்தையைச் சுரண்டி எடுத்தேன். நரம்பு தெரியவில்லை. கிராம்பு எண்ணெய் சிமெண்டை அடியில் வைத்து, அதன் மேல் வெள்ளியை அடைத்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வரிசை காத்திருந்தது. யாரும் எதுவும் இழந்துவிடவில்லை.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "இனிமே இடுக்கி எடுக்கறதுக்கு முன்னாடி எண்ணுங்க. மனசுக்குள்ள வாணாம். சத்தமா எண்ணுங்க. பக்கத்துல நிக்கிற தாய் காதுல விழணும்."

4. கமர்கட்டு

அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் எனக்கு வேலை குறைந்தது. அஞ்சலையம்மாள் தவலையில் தண்ணீர் வைத்து, சாப்பிட்ட பிள்ளைகள் எல்லோரையும் கொப்பளிக்க வைத்தார். கொப்பளிக்காத பிள்ளைக்கு மறுநாள் சாப்பாட்டு வரிசையில் கடைசி இடம். இரவு பல் விளக்காமல் படுத்த பிள்ளையை மறுநாள் வாயைப் பார்த்தே பிடித்துவிடுவார். பள்ளி வாசலில் கமர்கட்டு விற்றவரை அவர் விரட்டவில்லை. "சோத்து மணிக்கு முன்னாடி வித்துக்கோ. அப்பால நான் கொப்பளிக்க வெச்சிடறேன். நாளெல்லாம் வித்துக்கினு இருந்தா நானே வந்து கூடைய எடுத்துருவேன்" என்றார். இனிப்பின் அளவைவிட, அது நாள் முழுக்கப் பல்லில் ஒட்டிக்கொண்டிருப்பதே பெரிய கேடு என்பது நான் பரீட்சையில் எழுதிய விடை. அதை வைத்து வாசலில் ஒரு ஏற்பாடு செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சின்னக் கரும்புள்ளி விழுந்ததுமே பிள்ளையை அனுப்பிவிடுவார். வலி வந்தபின் அனுப்பியது அபூர்வம்.

நான் ஓய்வு பெறும் வரை வாய்விட்டு எண்ணினேன். கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். எண்ணியதால் பிடுங்காமல் கையை நிறுத்தியது பலமுறை உண்டு. இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சத்தமாக எண்ணுங்கள். தவறிவிட்டால் அதையும் சத்தமாகச் சொல்லுங்கள்.

எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு நாள் கோமதி தன் ஆறு வயது மகனோடு வந்தாள். ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் லைனில் வேலை, ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள். கூட அஞ்சலையம்மாள், தலை நரைத்து. பையனுக்கு எண்ணினேன். ஆறாவது நான்கும் அப்போதுதான் முளைத்து, வெள்ளையாக இருந்தன.

"எனக்கும் பாத்துடுங்க டாக்டர்" என்று கோமதி உட்கார்ந்தாள். இடது பக்கம் எண்ணினேன். ஆறில் நான் வைத்த வெள்ளி அப்படியே இருந்தது. வலது பக்கம் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பின்னாலிருந்த பல் காலி இடத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது.

"ஆறாவது இல்லை. நான் பிடுங்கியது" என்றேன்.

பெஞ்சிலிருந்து அஞ்சலையம்மாள் சொன்னார்: "ம். மேல எண்ணுங்க."