தலையிடி போக விரதம் பிடித்தேன், முருகன் சாப்பிடச் சொன்னான்

கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்று கும்பிடுகிற சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். முருகன் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் சொல்லச் சொல்லக் கோபமும் கூடவே வரும். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

"தலையிடிதானே" என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கால் முறிந்து கிடப்பவளிடம் போய் "கால்தானே" என்று யாராவது சொல்வார்களா?

நான் இருப்பது வெள்ளவத்தையில், கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில். காலி வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடை முழுக்க கண்ணாடி, கண்ணைக் கூசும் வெளிச்சம். எனக்கு முதலில் பார்வையின் ஓரத்தில் பளபளவென்று ஒரு கோடு வளைந்து வளைந்து ஓடும். அது வந்தால் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் இடது பக்க நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கும். வாந்தியும் சத்தியுமாக வரும். வெளிச்சம் ஆகாது. கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போனால் என் தலைக்குள்ளால் போகிற மாதிரி இருக்கும். அறையை இருட்டாக்கி, ஈரத்துணியைக் கண்ணில் போட்டு, பெற்ற பிள்ளையின் குரலும் வேண்டாமென்று கிடப்பேன். மறுநாள் எழும்பினால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும்.

இதற்கு எத்தனை வைத்தியம் சொன்னார்கள்! கண்ணூறு நாவூறு என்றார்கள், ஃபோனைக் குறை என்றார்கள். ஒருத்தி, "உமக்கு யோசனை கூடிப்போச்சு" என்றாள். தலை இப்படி இடித்தால் யோசனை வராமல் என்ன வரும்?

கடைசியில் மச்சாள் சொன்னதைக் கேட்டேன். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா, எங்களுக்கு மேல் மாடியில் இருக்கிறார். பஜனைக் குழுவுக்கு அவர்தான் தலைவி. "முருகனுக்கு நேர்த்தி வை. தலையிடி போகும்வரைக்கும் வெள்ளிக்கிழமை விரதம் பிடி. பச்சைத்தண்ணியும் படக்கூடாது" என்றார். நானும் வைத்தேன். காலையில் தலை முழுகி, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போய், பின்னேரப் பூசை முடிந்துதான் சாப்பாடு.

தலையிடி போகவில்லை. முன்பு எப்போதாவது வந்தது, பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தது. மச்சாளிடம் சொன்னேன். "நீ விரதத்திலை எங்கையோ பிழை விட்டிருப்பாய். அதுதான் தண்டிக்கிறார்" என்றார். அந்தப் பிழைக்குப் பரிகாரமாகச் செவ்வாயும் சேர்ந்தது. இப்போது செவ்வாயும் தலையிடி. அதற்கும் பரிகாரமாகச் சஷ்டியும் பிடிக்கச் சொன்னார். நினைத்துப் பாருங்கள், முருகனை ஒரு வட்டிக்காரன் ஆக்கிவிட்டோம். வேலைக்குப் போகவேண்டுமே என்று வெறும் வயிற்றில் ஒளித்து ஒளித்து, பார்மசியில் வாங்கிய வலிக்குளிசை போட்டேன். போகப் போகக் குளிசை இல்லாத நாளே இல்லையென்று ஆனது.

கடையில் முதலாளி வாடிக்கையாளர்களுக்கு முன்னால் கேட்டார், "உங்கட வருத்தம் வெள்ளிக்கிழமை பாத்து வருது என்ன? நல்ல சாட்டு." அன்று பாத்ரூமுக்குள் போய் அழுதேன். இப்போது யோசித்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. ஏன் வெள்ளிக்கிழமை என்று அந்த மனிசன் நக்கலுக்காவது கேட்டார். என்மேல் அன்பு வைத்திருந்தவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருசம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தது. அபி எட்டாம் வகுப்பு. சத்தி எடுத்துவிட்டு சுகவீன அறையில் படுத்திருக்கிறாள் என்றார்கள். ஓடினேன். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பி, கழுத்து டையைக் கழற்றி மடித்துக் கண்ணின்மேல் போட்டுக்கொண்டு கிடந்தாள். நான் கிடக்கிற அதே மாதிரி.

"காலமை என்ன சாப்பிட்டனீ?"

டையைக் கண்ணோடு இன்னும் இழுத்துக்கொண்டாள். நான் விடவில்லை.

"விரதம் அம்மா. நீங்கள் சாப்பிடத் தந்த பாணை பையுக்குள்ளை ஒளிச்சு வைச்சனான்."

"ஆர் உன்னை விரதம் பிடிக்கச் சொன்னது?"

"மேல் மாடி மாமிதான் சொன்னவா, பிள்ளைகள் பிடிச்சா முருகன் கெதியா இரங்குவாராம். உங்கட தலையிடி போகட்டும் எண்டு பிடிச்சனான். இது நாலாவது வெள்ளி."

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? மச்சாள்மேல் மட்டுமா? முருகன்மேல்தான் கூட. நான் பட்டினி கிடந்தது போதாதென்று என் பிள்ளையுமா? அவளுக்குக் கொஞ்சம் தெளிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்து நேரே கோயிலுக்குப் போனேன். சீருடையோடு அவளைக் கையில் பிடித்துக்கொண்டு சந்நிதியில் நின்றேன். மத்தியானப் பூசை அப்போதுதான் முடிந்திருந்தது. ஆட்கள் நின்றார்கள், நான் பார்க்கவில்லை. வாய்விட்டே கேட்டேன்.

"நான் என்ன பிழை விட்டனான்? இண்டைக்கு நீ சொல்லவேணும். தலையிடியை எனக்கே வைச்சிரு, பரவாயில்லை. இவளை விடு. பதில் சொல்லாமல் நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்."

இதுதான் என் பிரார்த்தனை. தேவாரம் இல்லை, திருப்புகழ் இல்லை. சண்டை.

அழுதுகொண்டு நிற்கிறேன். ஐயர் சர்க்கரைப் பொங்கலை வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினார். பழக்கதோசம், வாய் தன்பாட்டில் சொல்லியது, "இல்லை ஐயா, நான் விரதம். பிள்ளையும்தான்."

ஐயருக்கு ஏற்கெனவே களைப்பு. சலித்துக்கொண்டார். "என்ன விரதம்? பிள்ளையின்ரை முகத்தைப் பாருங்கோ, காய்ஞ்சு போய்க் கிடக்கு. அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிட்டார். நீங்கள் ஏன் பட்டினி கிடக்கிறியள்?"

சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவருக்கு அது அன்றாடப் பேச்சு. எனக்கோ உடம்பு புல்லரித்துப் போனது. சஷ்டியும் செவ்வாயும் வெள்ளியுமாக நான் யாருக்காகப் பட்டினி கிடந்தேனோ, அவன் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் எனக்கும் ஒரு பங்கு நீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நான்தான் வேண்டாம் வேண்டாம் என்றிருக்கிறேன். அங்கேயே தூணடியில் உட்கார்ந்து முதலில் அபிக்கு ஊட்டினேன், பிறகு நானும் சாப்பிட்டேன். பொங்கல் அப்படி இனித்ததை நான் மறக்கமாட்டேன்.

அடுத்த கிழமையே இருவரும் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனோம். சிங்கள டொக்டர் அம்மா, கொச்சைத் தமிழில் பொறுமையாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "அனே! காலை சாப்பாடு இல்ல, தண்ணியும் இல்ல, குளிசை மட்டும் இருக்கு?" என்று தலையில் கை வைத்தார். ஆனால் சிரிக்கவில்லை. "தலையிடிதானே" என்றும் சொல்லவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

அவர் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். இதற்குப் பெயர் மைக்ரேன், ஒற்றைத் தலையிடி. உண்மையான நோய். நடிப்புமில்லை, யோசனையுமில்லை, தண்டனையுமில்லை. இப்படிப்பட்டவர்களின் மூளை சின்ன மாற்றத்துக்கும் சட்டென்று கோபித்துக்கொள்ளும். சாப்பாடு தவறுவது, தண்ணீர் குறைவது, நித்திரை குழம்புவது, கூசும் வெளிச்சம், கடும் வாசனை என்று ஆளுக்கு ஆள் அதைக் கிளப்புவது வேறுபடும். குடும்பத்தில் ஓடும். வலிக்குளிசையை அடிக்கடி போட்டால் அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டு வரும். எனக்கு அதுவும் நடந்திருக்கிறது. நானாகப் போட்ட குளிசைகளை நிறுத்தினார். அந்த முதல் நாட்கள் பொல்லாத நாட்கள், மறைக்கமாட்டேன். வராமல் தடுக்க ஒரு மருந்தும், வரும்போது தொடக்கத்திலேயே போட ஒன்றும் தந்தார். அபிக்கு மருந்தே தரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணி குடி, நேரத்துக்குப் படு என்றார். அவ்வளவுதான்.

மச்சாள் கேள்விப்பட்டுக் கீழே இறங்கி வந்தார். "நேர்த்தியை முறிச்சால் பிள்ளைக்கு ஆகாது, தெரியுமோ?"

"பிள்ளைக்கு ஆகாததைத்தான் மச்சாள் இவ்வளவு நாளும் செய்தனாங்கள்" என்றேன். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரை எதிர்த்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. என் கணவர் பேப்பரைக் கீழே வைக்காமலே, "அவ சொல்லுறது சரி அக்கா" என்றார். மச்சாள் கன நாட்கள் எங்கள் கதவைத் தட்டவில்லை.

எனக்குத் தலையிடி அடியோடு போய்விட்டதென்று பொய் சொல்லமாட்டேன். எப்போதாவது வரும். ஆனால் வந்தால் என்னவென்று எனக்குத் தெரியும், பயமில்லை. அபிக்கு அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான், அதுவும் பரீட்சைக்கு நித்திரை முழித்து. முதலாளிக்கு, டொக்டர் எழுதித் தந்த கிளினிக் கொப்பியைக் காட்டினேன். என் மேசைக்கு மேலிருந்த வெள்ளை லைட்டைக் கழற்றினார்.

வெள்ளிக்கிழமையை நான் விடவில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போய்க் கும்பிடுகிறேன். விரதம் ஒத்துக்கொள்கிறவர்கள் பிடியுங்கள், உங்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் தலையிடியில் துடிக்கிற ஒருத்தியைப் பார்த்து "சாமிக்குத்தம்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள். அவனை அப்படிக் கேவலப்படுத்தாதீர்கள். என்ன பிழையென்று அவனிடமே சண்டை பிடித்துக் கேளுங்கள், பிறகு டொக்டரிடமும் போங்கள். திடீரென்று ஒருநாளும் வராத மாதிரி மண்டை பிளந்தாலோ, கைகால் விறைத்தாலோ, பேச்சுக் குழறினாலோ கோயிலுக்குக்கூட வரவேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கேயும் அவன் இருப்பான்.

இந்த வருசம் கந்தசஷ்டி. மத்தியானப் பூசையில் மச்சாள் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார். விரதம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் நெற்றிப்பொட்டை அழுத்தியபடி நின்றார். அந்தக் கையை எனக்குத் தெரியாதா? குடும்பத்தில் ஓடும் என்று டொக்டர் சொன்னது சட்டென்று ஞாபகம் வந்தது. அபிக்கு மாமியும் இரத்த உறவுதானே. எத்தனை வருசமாக அதை மறைத்தாரோ! என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நான் அசைய முதல் அபி போய்விட்டாள். தன் கையிலிருந்த பொங்கலை மச்சாளிடம் நீட்டினாள். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"சாப்பிடுங்கோ மாமி," என்றாள் என் பிள்ளை. "அவர் சாப்பிட்டிட்டார்."

மச்சாள் சந்நிதியைப் பார்த்தார். பிறகு தூணடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.