காப்புக் கட்டிய கை

சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போன முதல் வருடம், விடுதிக்கு எதிரே பழக்கடை வைத்திருந்த அம்மாள் ஒருவர் என் கையைப் பிடித்து ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். அன்று அவர்கள் ஊரில் படகுத் திருவிழா. முரசு முழங்க, நீள நீளப் படகுகள் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. இலையில் பொதிந்த சோற்றுப் பொட்டலம் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, ஐந்து நிற நூல் முறுக்கிய கயிற்றை எடுத்து என் மணிக்கட்டில் கட்டினார். மழை பெய்யும்வரை அவிழ்க்கக் கூடாது என்று வானத்தைக் காட்டி, விரலை ஆட்டிச் சைகையால் சொன்னார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. இறுக்கிக் கட்டிவிட்டோமோ என்று பாவம், அவர் பதறிப்போனார். காரணம் சொல்ல எனக்கு அப்போது அவர்கள் மொழி போதவில்லை. தெரிந்திருந்தால் இந்தக் கதையைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. எங்கள் ஊர் திருப்புல்லாணியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் வானம் பார்த்த பூமி. அய்யா, அதாவது என் அப்பா, ராமநாதபுரத்தில் வாடகைக் கார் ஓட்டினார். ஒருநாள் சீனாவிலிருந்து வந்த பெண் ஒருவர் அவர் காரில் ஏறினார். பெரியபட்டினத்து மண்ணுக்கடியில் கிடைக்கும் அந்தக் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகளைப் பார்க்க வந்தவர். உடைந்த ஓட்டைப் பார்க்க ஒரு மனுசி கடல் கடந்து வருவாளா என்று எங்கள் ஊரில் பலர் கடைசிவரை நம்பவில்லை.

அன்று எங்கள் அம்மன் கோயிலில் முளைப்பாரித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. அய்யா வராமல் இருக்க முடியாது. காரை வாடகைக்கு எடுத்த பெண்ணை வெயிலில் நிறுத்திவிட்டு வரவும் மனம் இல்லை. கையோடு கூட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

முளைப்பாரி எடுக்கும் பெண்களுக்குப் பூசாரி வரிசையாக மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்குக் கட்டி முடித்ததும், பக்கத்தில் நின்ற சீனத்துப் பெண்ணும் சிரித்தபடி கையை நீட்டினார். நீட்டிய கையை வெறுமனே திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்கள் கோயிலில் கிடையாது. திருநீறோ சுண்டலோ ஏதாவது வைத்தே பழகிய பூசாரி, நிமிர்ந்து பார்க்காமல் கட்டிவிட்டார். முடிச்சுப் போட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

குலவைச் சத்தம் சட்டென்று நின்றது. காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லைக்கு வெளியே இராத் தங்கக் கூடாது. பாதியில் அவிழ்ப்பது அதைவிடப் பொல்லாதது. சீனத்துப் பெண்ணுக்கோ மறுநாள் மதுரையில் விமானம். மழை இல்லாமல் நின்றுபோயிருந்த திருவிழாவை அந்த வருடம்தான் மறுபடி எடுத்திருந்தார்கள். இந்த வருடமும் மழை பொய்த்தால் அது அய்யாவின் தலையில்தான் விடியும்.

"ஏலே, நீ கூட்டியாந்த ஆளு. நீயே சொல்லு, என்ன செய்ய?" என்றார் கோயில் பெரியவர்.

அய்யாவுக்கு ஆங்கிலம் கேட்டால் கொஞ்சம் புரியும். பேச வருவதெல்லாம் ஏர்போர்ட், டெம்பிள், நோ ப்ராப்ளம் என்ற அளவுதான். வாழ்க்கையில் முதல்முறையாக ப்ராப்ளம் என்று சொல்ல வேண்டியிருந்தது. கயிற்றைக் காட்டி, எல்லைக் கல்லைக் காட்டி, வானத்தைக் காட்டி, வேர்த்து விறுவிறுத்து விளக்கினார். புரிந்ததும் அந்தப் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. தன் ஊரிலும் திருவிழாவுக்குப் பிள்ளைகளின் கையில் அம்மாமார் கயிறு கட்டுவார்கள் என்றும், அந்த ஞாபகத்தில்தான் கையை நீட்டினேன் என்றும் சொன்னாராம்.

வெளியூர் மனுசியை நம் கட்டுப்பாடு கட்டாது, போகட்டும், வருவது வரட்டும் என்று கடைசியில் பெரியவர் சொல்லிவிட்டார். வந்தால் யாருக்கு வரும் என்பது அய்யாவின் முகத்தில் எழுதியிருந்தது. அப்போது அம்மா முன்னால் வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். அச்சுத் தமிழில்கூட இல்லை, எங்கள் ஊர்த் தமிழில் சொன்னாள்.

"போகாத ஆத்தா. நம்ம வீட்டுல இருந்துட்டுப் போ. ஒன்னைய நான் பாத்துக்கிறேன்."

அய்யா மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் சரியென்று தலையாட்டிவிட்டார்.

பிறகு விமான அலுவலகத்துக்குப் பேசிப் பயணத்தைத் தள்ளிவைத்தார். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டாமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். தாயார் போன வருடம் தவறிவிட்டார், அங்கே சொல்வதற்கு யாரும் இல்லை என்றார். அம்மா உச்சுக்கொட்டினாள். எனக்கோ பொறாமை. விளையாடிவிட்டுப் பொழுதுசாய வீடு திரும்பினாலே முதுகில் நாலு வாங்குகிறவள் நான். சொல்ல ஆள் இல்லையென்றால் திட்டவும் ஆள் இல்லையே, கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அவர் எங்கள் வீட்டுப் பாயில் படுத்தார். காப்புக் காலத்தில் மீன் வாசம்கூட வீட்டில் அடிக்காது. கூழையும் துவையலையும் காரத்தில் கண்ணில் நீர் வரத் தின்றார். குடம் அடுக்கிய தண்ணீர் வண்டியை என்னோடு சேர்ந்து தள்ளினார். கும்மியில் எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு அவருடைய தட்டல் மட்டும் தனியாகக் கேட்கும். பெண்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். முளை போடும் வீட்டில் அவர் பெயருக்கும் ஒரு சட்டியில் அம்மா விதை தூவியிருந்தாள். உடைந்த ஓடு பார்க்க வந்தவருக்கு முழுச் சட்டியே கிடைத்தது என்று ஊரே கேலி பேசியது.

எனக்கு மட்டும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊர் சுற்ற வந்தவரை ஒரு கயிற்றைக் கட்டிப் பிடித்துவைத்துவிட்டோம் என்றே நம்பினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அவர் இன்னும் இருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கடைசி நாள் முளைப்பாரிகளை ஊருணியில் கரைத்த பிறகு பூசாரி காப்புகளை அறுத்தார். சீனத்துப் பெண் வரிசையில் பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டே போய் எல்லோருக்கும் கடைசியாகக் கையை நீட்டினார். கயிறு அறுந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இனி ஊருக்குப் போகலாம் என்று அவருக்குத் தெரியவில்லை போலும் என்று நினைத்து, கார் நின்ற பக்கம் கையைக் காட்டி, போகலாம், போகலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் இன்னும் அதிகமாக அழுதார்.

அந்த வருடம் மழை சுமாராகத்தான் பெய்தது. அய்யாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போகாதே என்று சொல்ல எனக்குப் பிறந்ததிலிருந்தே ஆள் இருந்தது. அதனால் அந்தச் சொல் ஒருவருக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று அன்று தெரியவில்லை. சீனாவில் படகுத் திருவிழா முடிந்த பிறகும் பழக்கடை அம்மாள் தினமும் சாயங்காலம் என் மணிக்கட்டைப் பிடித்துக் கயிறு இருக்கிறதா என்று பார்ப்பார், கையோடு ஒரு பழமும் கொடுப்பார். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனுக்கு அளவில்லை. அந்த வாரக் கடைசியில் மழை வந்தது. நான் கயிறு கட்டிய கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, விடுதி வாசலுக்குள்ளேயே நின்றேன்.