இரண்டு படி கீழே

எழிலரசி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வலது கை தோலைக் கிழிக்கும். இடது கை காயைப் பிடிக்க வேண்டும், பிடிக்காது. நழுவி மடியில் விழும். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. நோயாளியால் முடிந்ததை நாம் செய்யக் கூடாது என்பதுதான் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம்.

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. திருப்பாதிரிப்புலியூரில் சொந்த வீடு. கணவர் ராபர்ட் முப்பது வருஷம் சர்ச்சில் கீபோர்டு வாசித்தவர், போன தை மாதம் இறந்துபோனார். ஆடியில் இவளுக்குப் பக்கவாதம். பெங்களூரில் இருக்கும் மகள் இலக்கியா வந்து, பார்த்துக்கொள்ள என்னை வைத்துவிட்டுப் போனாள். கிறிஸ்துமஸுக்குள் அம்மா தன் கையால் புடவை கட்டிக்கொள்ளாவிட்டால் வீட்டைப் பூட்டிக் கூட்டிப்போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். எழிலரசிக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனமில்லை. இடது கை வந்தால்தான் வீடு.

துணிக்கிளிப், ரப்பர் பந்து எல்லாம் கொடுத்துப் பார்த்தேன், பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். பியானோ கற்கச் சொன்னது பிசியோதெரபி பெண். சிதம்பரம் வடக்கு வீதியில் சுவேதா என்று ஒரு டீச்சர், எந்த வயதானாலும் சேர்த்துக்கொள்வாள். சனிக்கிழமைதோறும் ரயிலில் கூட்டிப்போனேன். அங்கே, ஓரிடத்தில் நிற்காத ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தது. தபால் ஆபீஸில் ரிட்டயரான வைத்திலிங்கம், எழுபத்திரண்டு வயது, கை நடுக்கத்துக்காக வந்தவர். பேரன் பெயரை இப்போதெல்லாம் மாற்றிச் சொல்வதில்லை என்று அவரே சொன்னார். மூளைக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது வாரம் எழிலரசியின் இடது மோதிர விரல் தனியாக எழுந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டிலும் பழகட்டும் என்று ராபர்ட்டின் கீபோர்டு உறையைக் கழற்றினேன். அவர் இருந்தவரை வேறு யாரும் அதைத் தொட்டதில்லை, தூசுகூட அவர்தான் தட்டுவார். ஸ்டூலின் ரெக்சின் ஒரு பக்கமாக அமுங்கியிருந்தது. அவள் மறுபக்கம் ஒண்டி உட்கார்ந்து, வகுப்பில் வாசித்த ஐந்து சுரங்களை அழுத்தினாள். அதே கட்டைகள்தான். சத்தம் மட்டும் கீழே இறங்கி வந்தது.

"அவுங்க குரலு," என்றாள்.

மறுபடி பக்கவாதமோ என்று இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், சிரிக்கச் சொன்னேன், பெயரைக் கேட்டேன். புதிதாக அடைப்பு எதுவும் இல்லை. ராபர்ட் எப்போதும் முணுமுணுக்கும் சுருதியில் வருகிறது என்றாள். முப்பது வருஷம் அவர் பக்கத்தில் நின்று கொயரில் பாடின காது, தப்பாது.

"நான் தொடுறது அவுங்களுக்குப் புடிக்கலக்கா. பக்கத்துல உக்காந்துகினு அமுக்குறாங்க."

பதினோரு வீட்டில் பிணத்தைக் குளிப்பாட்டியிருக்கிறேன், ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. ஆனால் வகுப்பில் நானும்தான் இருந்தேன், இறங்கி வந்தது எனக்கும் கேட்டது. பட்டப்பகலில் கை மயிர் நட்டுக்கொண்டது. பொய் சொல்ல மாட்டேன்.

அதன்பின் தினமும் இரண்டு சுரம் வாசிப்பாள், நிறுத்துவாள், பக்கத்தில் பார்ப்பாள். இருபது நிமிஷம் ஐந்தானது. பிறகு உட்கார மட்டும் செய்தாள். எழுந்த விரல் மறுபடி மடங்கத் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம்கூட இல்லை. அவள் வாசித்ததை செல்போனில் பதிந்து சிதம்பரத்துக்கு எடுத்துப்போனேன்.

சுவேதா முழுதாகக்கூடக் கேட்கவில்லை. வயசானவர்களுக்குக் குரல் மேலே எட்டாது, அதனால் சர்ச்சில் வாசிக்கிறவர்கள் ஒரு பட்டனை அழுத்திச் சுருதியை இறக்கி வைத்துக்கொள்வார்கள் என்றாள். ராபர்ட் இரண்டு படி இறக்கியிருக்கிறார். அந்த மாடல், அணைத்தாலும் அதை மறக்காதாம்.

"பாத்தியாம்மா, ஆளு போயும் சுருதிய விட்டுக்குடுக்கல," என்றார் வைத்திலிங்கம். எல்லாரும் சிரித்தோம், எழிலரசியும் சிரித்தாள். திரும்பும் ரயிலில் இடது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டனைத் தேடிப் பிடித்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அவள் வாசித்தாள். வகுப்பில் கேட்ட அதே சத்தம், நிமிர்ந்து நின்றது. ஒரு பிழை இல்லை. முடித்ததும் கையை எடுக்காமல் எதற்கோ காத்திருந்தாள்.

"இப்ப யாரும் இல்ல," என்றாள்.

உறையைப் போட்டு மூடினாள். ராத்திரி இட்லியைப் பிட்டுப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். இடது கை மடியில் சுருண்டு கிடந்தது. பயத்தை எடுப்பதாக நினைத்து, அவள் தினமும் அந்த ஸ்டூலுக்குப் போனதற்கான காரணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டேன். என் தப்புதான். கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை கஞ்சி குடித்ததும் அவளே போய் உறையை எடுத்தாள். வலது கையால் இடது கையைத் தூக்கிப் பட்டன்மேல் வைத்து, அந்த மோதிர விரலாலேயே அழுத்தினாள். திரையில் மைனஸ் ஒன்று என்று வந்தது. இன்னொன்று அழுத்துவாள் என்று நின்றேன்.

"ஒண்ணு போதும்க்கா. அவுங்கள ஒரேடியா போவச் சொல்ல முடியாது."

இருபது நிமிஷம் வாசித்தாள். சுண்டுவிரல் மூன்று தடவை தவறியது.