சட்டி இல்லாமல் எரிந்த அடுப்பு

எங்கள் லாட்ஜின் வரவேற்பு மேசைக்கு அடியில் ஒரு பழைய ஒற்றை அடுப்பு கிடக்கிறது. சின்ன சிலிண்டரின் தலையிலேயே பர்னரைப் பொருத்திய ரகம். திருகு உடைந்து கம்பி சுற்றியிருக்கும். பழைய இரும்புக்குப் போடச் சொல்லி முதலாளி அலுத்துப்போனார். நானும் காது கேட்காதவன் போல இருந்து பழகிவிட்டேன். அதைப் பார்த்தால் எனக்கு அடுப்பக்கா நினைவு வரும், கூடவே சிரிப்பும் வரும்.

வேலூரில் ஆஸ்பத்திரிப் பக்கத்து லாட்ஜுகளில் தங்குபவர்களில் பாதிப் பேர் வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள். நம் சாம்பார் அவர்களுக்கு ஓரிரு நாளுக்கு மேல் இறங்காது. அதனால் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கொடுப்போம். சமையல் மொட்டை மாடியில். அந்த மாடிக்கு மகாராணி, திமிரியிலிருந்து தினம் பஸ்ஸில் வரும் அடுப்பக்கா. கேஸ் வீணாவதை அவரால் பொறுக்கவே முடியாது. சட்டி வைக்காமல் அடுப்பு எரிந்தால் யாராக இருந்தாலும் திட்டு விழும். ஒருமுறை யாரோ அறைக்குள்ளேயே பற்றவைத்துத் திரைச்சீலை கருகியதிலிருந்து அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தார்: யார் சமைக்கப்போகிறார்களோ அவர்களே மாடிக்கு வந்து, தன் கண் முன்னால் பற்றவைத்துக் காட்ட வேண்டும். "இது இன்னா லைசென்சு டெஸ்ட்டாக்கா?" என்று கிண்டல் செய்வேன். "நீ மொதல்ல டீ போடக் கத்துக்க, அப்பறம் பேசு" என்பார்.

உண்மையில் அந்தச் சட்டத்தால் அக்காவுக்கு ஊர்க்கதையெல்லாம் கிடைத்தது. அடுப்பைப் பற்றவைக்கும் பெண் தானாகவே பேச ஆரம்பித்துவிடுவாள்: கணவருக்கு ஆபரேஷன், மகனுக்கு ரத்தத்தில் ஏதோ, இங்கே நல்ல மீன் கிடைக்குமா. அக்கா கைப்பிடியளவு வங்காளச் சொற்கள் கற்று வைத்திருந்தார். அதில் பாதி மீன் பெயர்கள்.

ஒரு நாள் காலையில் ஒருவன் பதினாறு, பதினேழு வயது இருக்கும் ஒரு பெண்ணோடு வந்தான். தாய்மாமன் என்றான், உறவுக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றான். அடையாள அட்டைகள் சரியாக இருந்தன. பெண்ணிடம் பெயர் கேட்டேன், அவன் சொன்னான். பயணம் எப்படி என்றேன், அதற்கும் அவனே சொன்னான். கூச்ச சுபாவம் போல என்று நினைத்துச் சாவியைக் கொடுத்தேன். வெளியே சாப்பிடப் போகமாட்டோம், அறையிலேயே சமைத்துக்கொள்கிறோம், அடுப்பு வேண்டும் என்றான்.

அக்கா தன் சட்டத்தைச் சொன்னார். நானே பற்றவைக்கிறேன் என்றான். சமைப்பது நீயா என்று அரைகுறை இந்தியில் கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் பெண்ணைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போய்விட்டார். பெண்கள் சமைக்கிற இடம் என்று அவனைப் படிக்கட்டிலேயே தடுத்துவிட்டார்.

மேலே நடந்ததை அக்காதான் பிறகு சொன்னார். அந்தப் பெண் ஒரே குச்சியில் பற்றவைத்தாள். அக்கா எல்லோரையும் கேட்பதுபோல "ரோகி கே?" என்றார். நோயாளி யார் என்று அர்த்தம். "ஜானி நா" என்றாள் அந்தப் பெண். தெரியாதாம். ஆஸ்பத்திரிக்கு வந்தவளுக்கு யாருக்கு உடம்பு சரியில்லை என்றே தெரியவில்லை. பக்கத்தில் மீன் பொரித்துக்கொண்டிருந்த ஒரு வங்காளத்து அம்மா திரும்பிப் பார்த்தார். அவர் அவள் பாஷையில் இரண்டு வார்த்தை பேசினதும் அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சொன்னதையெல்லாம் அந்த அம்மா இந்தியில் அக்காவுக்கு எடுத்துச் சொன்னார். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை என்று அழைத்துவந்தானாம். ரயில் ஏறியதும் போனையும் அட்டையையும் வாங்கிக்கொண்டானாம். இப்போது சாயங்காலமே வேறு ஊருக்குப் போகிறோம் என்கிறானாம். கம்பெனி ஆம்பூரில்தானே என்று கேட்டதற்கு அறைந்தானாம்.

அக்கா கீழே வந்தார். அவன் என் மேசை முன்னால்தான் நின்றிருந்தான். அடுப்பில் ஏதோ கோளாறு என்பதுபோலக் கையைக் கையை ஆட்டிக்கொண்டு தமிழில் சொன்னார்: "தம்பி, சிரிச்சிக்கினே கேளு. இவன் அவளுக்குச் சொந்தமே இல்ல. அந்தப் பொண்ண விக்கப் பாக்கறான். காக்கிச் சட்டைக்காரங்கள வரச் சொல்லு. அதுவரிக்கும் இவன் எங்கயும் போவக்கூடாது." அவனுக்கும் புரிந்துவிடக்கூடிய போலீஸ் என்ற சொல்லை எவ்வளவு கவனமாகத் தவிர்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நான் சிரித்தேன். அப்படியொரு சிரிப்பை என் கல்யாண போட்டோவில்கூடச் சிரித்ததில்லை. அவனுக்கு டீ சொல்லிவிட்டு, மோட்டார் போடுவதாகப் பின்பக்கம் போய்ப் போன் செய்தேன்.

பெண் போலீசும் குழந்தைகள் நலத்துறை அம்மா ஒருவரும் வரும்வரை அவன் டீயைக் குறை சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவனைக் கொண்டுபோன பிறகு நான் மாடிக்கு ஓடினேன். அந்தப் பெண் வங்காளத்து அம்மாவின் மடியில் தலைவைத்து இன்னும் ஊரைப் பற்றி, தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பற்றவைத்த அடுப்பு சட்டியில்லாமல் எரிந்துகொண்டே இருந்தது. நான் மூடக் குனிந்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "எரியட்டும்பா. புள்ள பேசி முடிக்கட்டும்."

சில நாள் கழித்து அவளுடைய அப்பா வந்து அழைத்துப்போனார். அக்கா இப்போது முட்டி வலியால் திமிரியிலேயே இருக்கிறார். முதலாளி எல்லா அறைக்கும் கரண்ட் அடுப்பு வாங்கிப் போட்டுவிட்டார். யாரும் மாடிக்கு வரத் தேவையில்லை. ஆனாலும் சமைக்கப்போகிறவர் என் மேசைக்கு வந்து, இந்தப் பழைய அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினால்தான் சாவி கொடுக்கிறேன். கரண்ட் அடுப்புக்கு எதற்கு இந்தக் கூத்து என்று முதலாளி கேட்கிறார். தீ விபத்து பயம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நேற்று ஒரு இளம்பெண் பற்றவைத்துவிட்டு, பேசலாமா வேண்டாமா என்பதுபோல என்னைப் பார்த்தாள். கேஸ் வீணாகிறதே என்று கை தானாகத் திருகுக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டேன். "ரோகி கே?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். "மா" என்றாள், அம்மாவுக்கு என்று. அவள் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை அடுப்பு எரிந்தது.