அத்தானின் அட்டைப்பெட்டியும் அப்பாவின் மழைக் கணக்கும்

அறுபதுகளின் கடைசியில் நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய், ஆறு வாரம் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார்ந்து, ஃபோர்ட்ரான் என்கிற மொழியைக் கற்றுக்கொண்டு தென்காசியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். அக்காவின் கணவர், என் அத்தான், சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்து வருடமாக அந்த வேலையையே செய்துவந்தவர். ஆறு வாரக்காரி ஐந்து வருடக்காரருக்கு யோசனை சொல்லப் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஆனி மாதம் அத்தானும் அக்காவும் நீண்ட விடுப்பில் வந்து இறங்கினார்கள். அத்தான் கையில் ஒரு நீளமான அட்டைப்பெட்டி. அதற்குள் துளையிட்ட அட்டைகள் அறுநூறுக்குக் குறையாமல் இருக்கும். அந்த நாளில் கம்ப்யூட்டருக்கு எழுதும் நிரலின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. வர்க்கமூலம் காண, இரண்டு எண்ணில் பெரியதைச் சொல்ல, எண்களை வரிசைப்படுத்த என்று அடிக்கடி தேவைப்படும் காரியங்களுக்கெல்லாம் அவரே துணை நிரல்கள் எழுதிக் கட்டுக்கட்டாக ரப்பர் போட்டு வைத்திருந்தார். எந்தக் கணக்கு வந்தாலும் வேண்டிய கட்டை எடுத்துச் செருகிவிடுவார். ஆபீசில் விட்டுவந்தால் யாராவது வரிசையைக் கலைத்துவிடுவார்கள் என்று ரயிலில் கூடவே கொண்டுவந்திருக்கிறார்.

"ஜன்னல் சீட்டு பெட்டிக்கு. நான் நடுவுல நசுங்கிக்கிட்டு வந்தேன்" என்றாள் அக்கா.

விடுப்பிலும் நாங்கள் நிரல் எழுத உட்காரக் காரணம் அப்பா. பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கொல்லையில் மழைமானி ஒன்றை நட்டு, பன்னிரண்டு வருடமாகத் தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுதிவந்தார். அரசாங்கம் மில்லிமீட்டருக்கு மாறிவிட்டது, அப்பா மாறவில்லை. அங்குலம், சென்ட்தான். நூறு சென்ட் ஓர் அங்குலம். ஒவ்வொரு வருடமும் உறவுக்காரர்கள், 'குற்றாலத்துக்கு எப்போது வந்தால் அருவியில் தண்ணீர் இருக்கும்' என்று கார்டு போட்டுக் கேட்பார்கள். எந்த வாரம் நம்பத்தக்கது என்று மிஷின் சொல்லுமா என்று அப்பா கேட்டார். அத்தானின் நிலையத்தில் மிஷின் சும்மா இருக்கிற நேரத்தில் நிரலை ஓட்டிப் பார்த்துத் தர ஒரு நண்பர் ஒப்புக்கொண்டார்.

ஒரு வாரம் குற்றாலத்தில் அருவிக்குப் பக்கத்தில் வீடு எடுத்துத் தங்கினோம். அங்கேதான் சண்டை. வாராவாரம் மழை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்க்க வர்க்கமூலம் தேவைப்பட்டது. அத்தான் பெட்டியைத் திறந்து முப்பது அட்டைக் கட்டு ஒன்றை எடுத்தார்.

"இது எதுக்கு அத்தான்? எஸ்க்யூஆர்டி-ன்னு நாலு எழுத்து போட்டா மொழியே கண்டுபிடிச்சுத் தருதே."

"இத எழுத எனக்கு மூணு நாளு ஆச்சு."

"அப்போ இருந்த மிஷின்ல இது கிடையாது. எழுதினீங்க. இப்போ இருக்கே."

"அது எப்படிப் போடுதுன்னு ஒனக்குத் தெரியுமா? என்னோடது எப்படிப் போடுதுன்னு எனக்குத் தெரியும்."

பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க அவர் இன்னொரு கட்டை எடுத்தார். அதுவும் மொழியிலேயே இருக்கிறது என்றேன். அவர் கட்டின் ரப்பரைச் சரிசெய்தார். கடைசியில் ஆளுக்கொரு நிரல் எழுதுவது என்று தீர்மானமாயிற்று. என்னுடையது மொழியில் உள்ளதை மட்டும் வைத்து இரண்டே தாளில் முடிந்தது. அவருடையதில் புதிதாக எழுதியது ஒரு தாள், மற்றதெல்லாம் பெட்டியிலிருந்து.

பெட்டியை அவர் ஜன்னலோரம் வைத்திருந்தார். மூன்று நாள் சாரல் விடாமல் அடித்தது. நான்காம் நாள் திறந்து பார்த்தால் அட்டைகள் ஊறி, வளைந்து, பொரிக்காத அப்பளம் மாதிரி இருந்தன. அத்தான் குளிக்கக்கூடப் போகவில்லை. அக்கா கரி இஸ்திரிப் பெட்டியைப் பற்றவைத்து, மேலே ஒரு வேட்டியை விரித்து, ஒவ்வோர் அட்டையாகத் தேய்த்துக் கொடுத்தாள். அத்தான் வாங்கி எண் பார்த்து அடுக்கினார்.

"கல்யாணத்துக்கு எடுத்த பட்டுக்குக்கூட நான் இவ்வளவு பதனமா இஸ்திரி போட்டதில்ல" என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தான் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

தாள்களையும் அட்டைகளையும், அப்பாவின் நோட்டிலிருந்து பிரதி எடுத்த எண்களையும் தென்காசித் தபாலாபீசிலிருந்து பதிவுப் பார்சலில் அனுப்பினோம். தாளில் இருப்பதை நண்பர் அங்கே அட்டையில் துளையிட்டுக்கொள்வார். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அத்தானின் அட்டைகள் மிஷினின் வாயில் சிக்கிக்கொண்டு, அதைத் திறந்து எடுக்க அரை நாள் ஆயிற்றாம். இனி இஸ்திரி போட்டு எதையும் அனுப்ப வேண்டாம் என்று நண்பர் பணிவாக எழுதியிருந்தார். என் நிரல் ஓடிவிட்டது. விடை கூடவே இருந்தது.

நான் அந்த நீளத் தாளை அத்தான் முன்னால் வேண்டுமென்றே மெதுவாக விரித்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்துப் படித்தார். ஆனிக்குப் பூஜ்யம். ஆடிக்குப் பூஜ்யம். குற்றாலத்துக்கு வர ஏற்ற காலம் ஐப்பசிக் கடைசி.

"ஏட்டி, இந்த மிஷின் சாரலே பாத்ததில்லையோ?" என்றார் அப்பா.

வெளியே அப்போதும் தூறிக்கொண்டிருந்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. நிரலை நான்கு முறை படித்தேன். சென்ட்டை நூறால் வகுத்து அங்குலமாக்கி, அந்த எண்ணுக்கு 'MAZHAI' என்று பெயர் வைத்திருந்தேன். பெயர் ஆறு எழுத்தைத் தாண்டக்கூடாது என்கிற விதிக்குள் அடங்குகிறதே என்று அந்தப் பெயரில் எனக்குப் பெருமை வேறு. தவறு ஒன்றும் தெரியவில்லை.

அத்தான் தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்தவுடனே சிரிக்காமல், ஒரு டம்ளர் காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"ஒம் மழை எம்முல ஆரம்பிக்குது."

அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது. 'I' முதல் 'N' வரையுள்ள ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழு எண்ணைத்தான் வைத்துக்கொள்ளும் என்பது அந்த மொழியின் விதி. பின்னத்தைக் கேட்காமலே வெட்டி எறிந்துவிடும். தினம் நாற்பது சென்ட், அறுபது சென்ட் என்று பெய்வதுதான் சாரல். அத்தனையும் பூஜ்யமாகிவிட்டது. ஐப்பசியில் ஒரே நாளில் இரண்டு அங்குலம் கொட்டியதுதான் தப்பியது.

"இதுவும் மொழிக்குள்ளேயே இருக்குத வசதிதான். எதையும் செருக வேண்டாம், பாரு" என்றார் அத்தான்.

"இங்கிலீசுல ரெயின்னு பேர் வச்சிருந்தா?" என்று கேட்டாள் அக்கா.

"ஆர்ல ஆரம்பிக்குது. நல்லாப் பெஞ்சிருக்கும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆங்கிலப் பெயர் வைக்க மாட்டேன் என்று யோசித்து, 'SARAL' என்று மாற்றினேன். எஸ்ஸில் தொடங்கும் பெயர் பின்னத்தை வெட்டாது.

அதற்குள் அப்பா இன்னொன்று கேட்டார். ஒரு வருடத்து வெள்ளம் சராசரியைத் தூக்கிவிடும். பன்னிரண்டு வருடத்தையும் வரிசையாக நிறுத்தி நடுவில் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றார். வரிசைப்படுத்த மொழியில் ஒரு வசதியும் கிடையாது. நானே எழுத உட்கார்ந்தேன். இரண்டு நாளில் மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அடித்தேன்.

"அத்தான், அந்த வரிசைக் கட்டு மட்டும் இருந்தாக் குடுங்க" என்றேன் மூன்றாம் நாள்.

அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. இருபத்திரண்டு அட்டைகளை எடுத்து, மேலே அச்சாகியிருந்த வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் தாளில் எழுதிக்கொண்டேன். முடித்ததும், "வர்க்கமூலத்துக்கு ஒன்னோட நாலு எழுத்தே இருக்கட்டும்" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது என்று எனக்குப் பட்டது. நான் அதற்குச் சிரிக்கவில்லை.

இந்த முறை தாள்கள் மட்டும் போயின. கல்லூரி திறந்துவிட்டதால் நான் திருநெல்வேலியில் இருந்தேன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது விடை வந்திருந்தது. ஆடி இரண்டாம் வாரம். சராசரியும் நடு எண்ணும் ஒன்றையே சொல்லின.

அப்பா நம்பவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வருடத்தையும் கையாலேயே கூட்டிப் பார்க்க உட்கார்ந்தார். அத்தான் அவரைத் தடுக்கப் போனார். அக்கா கண்ணால் வேண்டாம் என்றாள். அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது அப்பா முடித்திருந்தார்.

"சரியாத்தான் இருக்கு. ஆனா எட்டு நாள்ல நான் முடிச்சுட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஒரு மாசம் என்ன செஞ்சீங்க?"

அத்தானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா உறவுக்காரர்களுக்குக் கார்டு எழுத உள்ளே போனார். மேஜையில் அவருடைய பழைய நோட்டு திறந்து கிடந்தது. மூன்று இடத்தில் அவர் பென்சிலால் போட்ட கூட்டல் அழிக்கப்பட்டு, மிஷின் சொன்ன எண் புதிதாக எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் ரப்பர்த் தூள். அத்தான் அதை மெல்ல ஊதிவிட்டு நோட்டை மூடி வைத்தார்.